கோட்டைச் சுவரும் குடியிருப்புச் சுவரும்

பிரான்சின் கிழக்கு எல்லையில், அல்சாஸ் பகுதியில், எண்கோண வடிவில் கட்டப்பட்ட கோட்டை நகரம் நெஃப்-பிரிசாக். நடுவே அணிவகுப்புத் திடல். அதைச் சுற்றிச் சதுரங்கக் கட்டம் போலத் தெருக்கள். தெருக்களைச் சுற்றி மதில், அகழி, அதற்கப்பால் மறுபடி மதில். மக்கள்தொகை ஏறத்தாழ 2,000. முற்றுகைக் காலத்தில் படைவீரர் தங்குவதற்கென மதிலின் உட்புறத்தில் குடைந்தாற்போல் கட்டிய வளைவுக் கூரை அறைகளில் 2018 முதல் ஓர் அருங்காட்சியகம் இயங்கிவருகிறது. அதன் பெயர் மோசா வோபான். தெருக்கலைக்கென்றே அமைந்த காட்சியகம். ஓவியர்களை அழைத்து, அந்த அறைகளின் சுவர்களிலேயே நேராக வரையச் செய்து, நுழைவுச் சீட்டு கொடுத்து மக்களுக்குக் காட்டுகிறார்கள். தெருவில் அனுமதியின்றிப் பிறந்த ஒரு கலைக்குக் கூரையும் கதவும் போட்டால் அது என்னவாகிறது என்ற கேள்வி இங்கே எழுகிறது. அதே கேள்வி சென்னையின் சுவர்களுக்கும் உண்டு.

நெஃப்-பிரிசாக் பிறந்த கதை ஓர் ஒப்பந்தத்தில் தொடங்குகிறது. ரைன் ஆற்றின் வலக்கரையில் உள்ள பிரைசாக் நகரம் நெடுங்காலம் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. 1697-இல் கையெழுத்தான ரைஸ்விக் ஒப்பந்தப்படி பதினான்காம் லூயி மன்னர் அதைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. ஆற்றின் நடுத் தீவில் பிரெஞ்சுக்காரர் எழுப்பியிருந்த சிறு குடியிருப்பையும் இடித்தாக வேண்டும் என்று ஏற்பாடு. எல்லையில் காவல் இல்லாமல் போகவே, மன்னரின் கோட்டைப் பொறியாளர் வோபான் இடக்கரையில் புதிய நகரம் ஒன்றுக்கு வரைபடம் போட்டார். 1699-இல் வேலை தொடங்கியது. வோஜ் மலையின் செந்நிற மணற்கல்லைக் கொண்டுவர ஒரு கால்வாயே வெட்டினார்கள். தீவில் வீடிழந்தவர்கள் இந்தப் புதிய நகருக்கு வந்து குடியேற ஊக்குவிக்கப்பட்டார்கள். ஆக, கோட்டை என்று நாம் பார்ப்பது ஒருவகையில் மறுகுடியமர்வுப் பகுதியும்தான். இந்தச் செய்தி பின்னால் தேவைப்படும்.

அதே ரைஸ்விக் ஒப்பந்தம்தான் புதுச்சேரியையும் பிரெஞ்சுக்காரருக்குத் திருப்பித் தந்தது. 1693-இல் டச்சுக்காரர் பிடித்துவைத்திருந்த ஊர் அது. ஒரே சமாதான ஏற்பாடு, ரைன் கரையில் ஒரு நகரைப் பறித்து வங்கக் கடலோரத்தில் ஒரு நகரைக் கொடுத்தது. புதுச்சேரியில் 1706-இல் முடிந்த செயின்ட் லூயி கோட்டையும் வோபான் பாணியில் அமைந்ததே. இன்றைய பெல்ஜியத்தில் உள்ள தூர்னே நகரில் அவர் கட்டிய கோட்டையை முன்மாதிரியாகக் கொண்டது. 1761-இல் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர் அதைத் தரைமட்டமாக்கினார்கள். இன்று புதுச்சேரியைச் சுற்றியிருக்கும் புல்வார் சாலைகள்தான் பழைய மதில் நின்ற தடத்தைக் காட்டுகின்றன. நெஃப்-பிரிசாக் மதில்களுக்கு அந்தக் கதி நேரவில்லை. 1870-இல் பிரஷ்யப் படை முற்றுகையிட்டு நவம்பர் 10-ஆம் நாள் ஊரைப் பிடித்தது. 1871 முதல் 1918 வரை அல்சாஸ் ஜெர்மனியின் பகுதியாக இருந்தது. இரண்டாம் உலகப்போரின் இறுதியில் குண்டுவீச்சில் ஊர் பெரும் சேதமடைந்தது. ஆனாலும் எண்கோணம் கலையவில்லை. 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 வோபான் கோட்டைகளில் இதுவும் ஒன்று.

உலகப் பாரம்பரியச் சின்னத்தின் உட்சுவரில் ஸ்ப்ரே பெயின்ட் அடிக்க அனுமதிப்பது சாதாரண முடிவு அல்ல. அந்த அறைகள் அழகுக்காகக் கட்டப்பட்டவையும் அல்ல. இருட்டு, ஈரம், பருத்த சுவர், தலைக்கு மேலே வளைந்து இறங்கும் கூரை. வெள்ளைச் சுவர் கொண்ட காட்சிக்கூடத்தில் சட்டம் போட்டு மாட்டிய படத்துக்கும், இந்த வளைவோடு வளைந்து வரையப்பட்ட படத்துக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. இங்கே படத்தைக் கழற்றிக்கொண்டு போக முடியாது; ஏலம் விட முடியாது; ஓவியர் அந்த அறைக்கு வந்து, அந்தக் குளிரில் நின்று, அந்தச் சுவரோடுதான் பேசியாக வேண்டும். தெருக்கலையின் இலக்கணத்தில் பாதியாவது இதில் தப்பிப் பிழைக்கிறது. மீதிப் பாதி, அதாவது அனுமதி கேட்காத துணிச்சலும், வழிப்போக்கர் எதிர்பாராமல் கண்டு நிற்கும் கணமும், சீட்டு வாங்கும் இடத்திலேயே கழன்றுவிடுகின்றன.

மற்ற நாடுகளில் இதற்குக் கண்ட விடைகள் பலவிதம். பெர்லினில் 2017-இல் திறந்த அர்பன் நேஷன், ஆம்ஸ்டர்டாமில் பழைய கப்பல் கட்டும் தளத்தில் 2020-இல் திறந்த ஸ்திராத் ஆகியவை பெருமளவும் திரைத்துணியில் வரைந்த படங்களை நம்பியவை. மயாமியின் வின்வுட் பகுதியில் கிடங்குச் சுவர்களே காட்சியாயின. கூடவே நிலத்தின் விலையும் ஏறியது. இவை எல்லாவற்றையும்விடக் கூர்மையான விடை இத்தாலியின் போலோன்யா நகரில் 2016-இல் கிடைத்தது. தெருச் சுவர்களிலிருந்து ஓவியங்களைப் பெயர்த்தெடுத்து அங்கே ஒரு கண்காட்சி நடத்த முனைந்தார்கள். அந்த நகரத்தில் இருபது ஆண்டுகளாக வரைந்துவந்த புளூ என்ற ஓவியர், தம்முடைய ஓவியங்கள் அனைத்தையும் தாமே சாம்பல் நிறப் பெயின்ட் பூசி அழித்துவிட்டார். தெருவில் இருந்தால் எல்லாருக்கும், இல்லாவிட்டால் யாருக்கும் இல்லை என்பது அந்தச் செயலின் பொருள். அருங்காட்சியகம் நடத்துவோர் எவரும் இதற்கு நிறைவான மறுமொழி சொன்னதாகத் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் சுவர் என்பது முதலில் எழுத்துக்கு உரியது. படம் அப்புறம்தான் வந்தது. கட்சிக்காரர்கள் இதைச் ‘சுவர் பிடிப்பது’ என்பார்கள். தேர்தலுக்கு ஓராண்டு முன்பே சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து ஒரு பூச்சு. நான்கு மூலையிலும் கட்சியின் பெயர். எந்த ஆண்டு வரை இந்தச் சுவர் தங்களுக்கு என்று ஒரு குறிப்பு. அவ்வளவுதான், பத்திரப்பதிவு முடிந்தது. எழுத வருகிறவர் இரண்டு முனையிலும் ஆளை நிறுத்தி, காவியில் தோய்த்த நூலை இழுத்துச் சுண்டிக் கோடு போடுவார். இரண்டு கோட்டுக்கு நடுவே எழுத்து எழும். பட்டைத் தூரிகையால் ஒரே இழுப்பில் ‘க’வின் வயிறு, பிறகு வலப்பக்கத்தில் மட்டும் கறுப்பு நிழல். பக்கத்துச் சுவர் எதிர்க்கட்சிக்கு என்றால் அங்கே எழுதுபவரும் பெரும்பாலும் அவரேதான். பிழைப்புக்குக் கட்சி கிடையாது. 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திறந்தவெளி இடங்கள் அலங்கோலத் தடுப்புச் சட்டம் நடைமுறையில் இருந்தும் இந்த மரபு நிற்கவில்லை.

சென்னையின் மேற்குப் புறத்தில் பருத்திப்பட்டு வழியாக ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் செல்லும் சாலையில் இந்த எழுத்துகளை இன்றும் வரிசையாகப் பார்க்கலாம். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் 2019-இல் நடைபாதையோடு கூடிய பசுமைப் பூங்கா திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஆவடி மாநகராட்சியாகவும் உயர்ந்தது. ஆனால் இந்த வட்டாரத்தின் நீண்ட சுவர்கள் எல்லாம் வேறு ஆளுடையவை. 1955-இல் காங்கிரஸ் மாநாடு கூடி சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானம் நிறைவேற்றிய ஆவடி, பத்தாண்டுக்குள் டாங்கி செய்யும் ஊராக மாறியது. கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி 1965-இல் வெளிவந்தது. அதன் அருகே படைத்துறை உடைத் தொழிற்சாலை, எஞ்சின் தொழிற்சாலை, போர் ஊர்தி ஆய்வு நிறுவனம், விமானப்படை நிலையம். நெஃப்-பிரிசாக்கைப் போலவே இதுவும் படைத்துறைக்காக வளர்ந்த ஊர். அங்கே சுவருக்குள் போய்ப் படம் பார்க்கலாம். இங்கே பாதுகாப்பு வளாகச் சுவர்களில் இருப்பது அனுமதியின்றி நுழையாதே, படம் எடுக்காதே என்ற எச்சரிக்கைதான். மைல் கணக்கில் நீளும் வெற்றுச் சுவர் இருந்தும் ஓர் ஓவியருக்கும் அதில் இடமில்லை. ராணுவம் போன பிறகுதான் வோபான் கோட்டைக்குள் தூரிகை நுழைந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

சென்னை மாநகரச் சுவர்களில் எழுத்து போய்ப் படம் வந்தது 2009-ஐ ஒட்டி. அண்ணா சாலையிலும் காமராஜர் சாலையிலும் சுவரொட்டி ஒட்டக் கூடாது என்று மாநகராட்சி தடை போட்டது. வெற்றுச் சுவரை விட்டால் மறுநாளே சுவரொட்டி முளைத்துவிடும் என்பதால் அதில் ஓவியம் தீட்டச் சொன்னார்கள். மாமல்லபுரம், பரதநாட்டியம், ஜல்லிக்கட்டு, கிராமத்துக் காட்சிகள். வரைய வந்தவர்களில் பலர் சினிமா பேனரும் கட்-அவுட்டும் வரைந்து பிழைத்தவர்கள். ஃபிளெக்ஸ் அச்சு வந்ததும் வேலை இழந்தவர்கள். எண்பதடி உயர நடிகர் முகத்தைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கி, கன்னத்தில் இளஞ்சிவப்பும் பச்சையும் துணிந்து தீட்டிய கைகள், இப்போது சுற்றுலாக் கையேட்டுப் படங்களைச் சுவருக்கு மாற்றின. சுவரைச் சுவரொட்டியிடமிருந்து காக்கும் வேலிதான் அந்த ஓவியம். கலை என்று பார்த்தால் அந்தக் கலைஞர்களின் பேனர்களுக்குப் பக்கத்தில்கூட இவை வரமாட்டா.

பிறகு வேறொரு தலைமுறை வந்தது. கோத்தே நிலையத்தின் முயற்சியில் நடந்த தெருக்கலைத் திருவிழாவில் எழும்பூர் ரயில் நிலையத்தின் நீண்ட வெளிச்சுவர் ஓவியமானது. 2014-இல் தொடங்கிய ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, டெல்லியில் அரசு ஊழியருக்காக ஆங்கிலேயர் கட்டிய லோதி காலனியை ஓவியக் குடியிருப்பாக்கியது. ஐம்பதுக்கு மேற்பட்ட சுவரோவியங்கள் அங்கே உள்ளன. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஹனீஃப் குரேஷி, கையால் எழுதும் பெயர்ப்பலகைக் கலைஞர்களின் எழுத்து வடிவங்களைத் தேடித் தொகுத்தவர், 2024-இல் மறைந்தார். சென்னை இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தில், ஏ-கில் என்ற பெயரில் வரையும் ஓவியர் 2021-இல் தீட்டிய மாபெரும் முகங்கள், எச்.ஐ.வி. தொற்றுள்ளோர் மீதான ஒதுக்கலைப் பேச வந்தவை. எந்த முகத்துக்கு உரியவர் தொற்றுள்ளவர் என்று பார்ப்பவரால் சொல்ல முடியாது. அதுதான் அந்த ஓவியத்தின் வாதம்.

இந்த வரலாற்றில் அதிகம் பேச வேண்டிய இடம் கண்ணகி நகர். பருத்திப்பட்டிலிருந்து பார்த்தால் நகரத்தின் எதிர் மூலை. பழைய மாமல்லபுரம் சாலையில் துரைப்பாக்கத்தை ஒட்டியது. கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய் ஓரங்களிலும் நகரின் நடுப்பகுதிகளிலும் இருந்து வெளியேற்றப்பட்ட மக்களை 2000 முதல் இங்கே குடியமர்த்தினார்கள். கண்ணகி நகரில் 15,656 வீடுகள். அடுத்துள்ள எழில் நகரையும் சேர்த்தால் 23,704. வேலைக்குப் போய் வந்த இடங்கள் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போயின. கண்ணகி நகர் என்று முகவரி சொன்னால் வேலை கிடைக்காது என்ற நிலை வந்து, இளைஞர்கள் துரைப்பாக்கம் என்று மாற்றிச் சொல்லப் பழகினார்கள். தீவிலிருந்து நெஃப்-பிரிசாக்குக்கு வந்தவர்களைப் போல இவர்களும் வேறு யாரோ போட்ட உத்தரவால் இங்கே வந்து சேர்ந்தவர்கள்.

2020 தொடக்கத்தில் சென்னை மாநகராட்சியும் குடிசை மாற்று வாரியமும் இசைவு தர, ஏசியன் பெயின்ட்ஸ் நிறுவனத்தின் துணையோடு ஸ்டார்ட் அறக்கட்டளை இந்தக் குடியிருப்புகளின் பக்கச் சுவர்களில் வரையத் தொடங்கியது. உள்நாட்டு ஓவியர்களோடு வெளிநாட்டினரும் வந்தார்கள். காரை உதிர்ந்த இடத்தில் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, சாரத்திலும் கிரேனிலும் ஏறி, நான்கு மாடி உயரத்துக்கு முகங்கள், பறவைகள், வண்ணக் கட்டங்கள். இந்திய அளவில் பத்திரிகைகள் எழுதின. கல்லூரி மாணவர்கள் கேமராவோடு வந்தார்கள். குற்றச் செய்தியில் மட்டுமே வந்துகொண்டிருந்த ஊர்ப்பெயர் முதன்முதலாக வேறு பக்கத்தில் வந்தது. இது சிறிய விஷயமல்ல.

அதே சமயம் எதிர்வாதமும் உடனே எழுந்தது. குழாயில் வராத தண்ணீரையும், வீட்டுக்கு அருகே கிடைக்காத வேலையையும் பெயின்ட் கொண்டு மூட முடியுமா? வீட்டுக்குள் ஈரம் ஊறும் சுவருக்கு வெளியே வண்ணம் எதற்கு? இந்தக் கேள்விகள் நியாயமானவை. ஆனால் ஓவியம் தண்ணீருக்குப் போட்டியாக வந்ததாகப் பேசுவது பாதி உண்மைதான். தண்ணீர் தர வேண்டியவர் வாரியமும் மாநகராட்சியும்; ஓவியர் அல்லர். ஓவியத்தைக் காட்டித் தண்ணீரை மறந்தால் குற்றம் மறந்தவரைச் சேரும். உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது: சுவருக்கு யார் பொறுப்பு என்று யாரும் எழுதிவைக்கவில்லை. சென்னையின் வெயிலும் வடகிழக்குப் பருவமழையும் வெளிப்புறப் பெயின்ட்டைச் சில ஆண்டுகளில் வெளிறவைத்துவிடும். நெஃப்-பிரிசாக்கில் ஓவியத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு நிறுவனமும் நுழைவுக் கட்டணமும் உண்டு. கண்ணகி நகரில் படம் எடுக்க வருவோர் தரும் கட்டணம் எதுவும் இல்லை, அது குடியிருப்போருக்குப் போய்ச் சேரும் வழியும் இல்லை. ஊரின் பெயரை ஓவியத்தைவிட நன்றாக மாற்றியது கபடிதான் என்று சொல்லத் தோன்றுகிறது. 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் ஆடிய கார்த்திகா இந்தக் குடியிருப்பில் வளர்ந்தவர்.

கோயம்புத்தூர் உக்கடத்திலும் இதே முறையில் வாரியக் குடியிருப்புச் சுவர்கள் ஓவியமாயின. தமிழர் வாழும் வெளிநாட்டு நகரங்களில் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவுக்கு 2015 முதல் சுவரோவிய நடை உண்டு. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் 2012-இல் எர்னஸ்ட் ஸகாரெவிக் வரைந்த மிதிவண்டிச் சிறுவர்கள் அந்த ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டார்கள். இலங்கையில் 2019 இறுதியில் ஆட்சி மாற்றத்தை ஒட்டி இளைஞர்கள் ஊர் ஊராகச் சுவர் வரைந்தது தனியே ஆராய வேண்டிய அலை.

காப்பது என்று முடிவு செய்தால் எதைக் காப்பது என்பது அடுத்த சிக்கல். சுவரில் ஒரு படத்தின் மேல் இன்னொரு படம் ஏறுவது தெருக்கலையின் இயல்பு. இதற்குத் தமிழ்நாட்டில் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் ஒளிந்திருப்பதை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். ஒன்றைக் காட்ட மற்றொன்றை அழிக்க வேண்டுமா என்ற கேள்விக்குத் தொல்லியல் துறை பின்னாளில் விடை கண்டது: மேலிருந்த நாயக்கர் அடுக்கைப் பெயர்த்துக் கண்ணாடியிழைப் பலகையில் ஏற்றித் தனியே காட்சிக்கு வைத்தார்கள். அரசன் பணித்த ஓவியத்துக்கே ஆயிரம் ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது என்றால், நேற்றைய ஸ்ப்ரே பெயின்ட்டுக்கு அவ்வளவு அக்கறை கிடைக்குமா என்பது வேறு.

சட்டம் ஓரளவு துணைக்கு வருகிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். படைப்பை விற்றுவிட்டாலும் அதைச் சிதைக்காமலிருக்கக் கேட்கும் உரிமை படைத்தவருக்கு உண்டு என்று, பதிப்புரிமைச் சட்டம் 57-ஆம் பிரிவின்படி டெல்லி உயர் நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் சிற்பத்தின் எச்சமும் அவருக்குக் கிடைத்தன. நியூயார்க்கில் ஃபைவ் பாயின்ட்ஸ் என்ற கட்டடத்தின் ஓவியங்களை உரிமையாளர் 2013-இல் ஓரிரவில் வெள்ளையடித்தார். 2018-இல் 21 ஓவியர்களுக்கு 67 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு தரச் சொன்னது நீதிமன்றம். அனுமதி பெற்று வரைந்த பெயர் தெரிந்த ஓவியருக்கு இவை உதவும். நூல் சுண்டிக் கோடு போட்ட எழுத்துக்காரருக்கு உதவா.

தமிழ்நாட்டில் தெருக்கலைக்கு ஓர் அருங்காட்சியகம் எழுமானால் அதில் முதல் அறை அவருக்கே சேர வேண்டும். சினிமா பேனர்கள் படம் ஓடி முடிந்ததும் வெள்ளையடித்து அதே துணியில் அடுத்த படம் வரையப்பட்டவை, பெரும்பாலானவை எஞ்சவில்லை. கட்சிச் சுவர் எழுத்து அவ்வளவு காலம்கூட நிற்பதில்லை. தேர்தல் அறிவிப்பு வந்தால் அரசுக் கட்டடங்களில் 24 மணி நேரத்துக்குள், பொது இடங்களில் 48 மணி நேரத்துக்குள், அனுமதியில்லாத தனியார் சுவர்களில் 72 மணி நேரத்துக்குள் அவை அழிக்கப்பட வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. உங்கள் தெருவில் நிழல் விழ எழுதிய ஒரு நல்ல ‘க’ இருந்தால், வெள்ளையடிக்க ஆள் வருவதற்குள் அதைப் படம் எடுத்து, ஊரும் நாளும் குறித்து வையுங்கள்.